நான் வெட்டி எறிந்த ‘ம்’

இந்த ஆய்வுகூடத்தில் நான் செய்த ஆகப் பெரிய பிழையைச் செய்து முடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மிகவும் ஒழுங்காக அந்தப் பிழையைச் செய்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. எவ்வளவு வேகமாகச் செய்கிறீர்கள் என்று பாராட்டு வேறு கிடைத்தது.

நான் ஓய்வு பெற்று நான்கு மாதமாகிறது. எனக்குப் பிறகு சேர்ந்த நீங்கள் ஆறு பேரும் போன கிழமை வீட்டுக்கு வந்து, “அன்ரி, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ” என்று கேட்டீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீங்கள் படலையைத் திறக்கும்போதே அன்ரி ஆக்கிவிட்டீர்கள். போகட்டும், மன்னித்துவிட்டேன். கருவிகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நான் எழுதி முடிக்கும் முன்னரே அவை பழசாகிவிடும். அந்தப் பிழையைப் பற்றி எழுதுகிறேன். அது பழசாகாது. நீங்களும் ஒரு நாள் அதை வேறொரு உருவத்தில் செய்யத்தான் போகிறீர்கள்.

நான் பொறியியல் படித்தவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருந்த ஒரு கொமினிக்கேசன் கடையில் இளவயது முழுவதும் வேலை செய்தவள். பலகையால் அடைத்த மூன்று சிறு அறைகள், ஆளுக்கொரு ரெலிபோன். வெளிநாட்டுக்குக் கதைக்க வருபவர்களுக்கு இணைப்பு எடுத்துக் கொடுப்பதும், “கேக்குதோ?” என்று கேட்பதும், கேட்கவில்லை என்றால் திரும்ப எடுப்பதும் என் வேலை. கைத்தொலைபேசி வந்து கடைக்குப் பூட்டுப் போட்டது. பிறகு கலியாண வீடியோக்களுக்கு ஒலி பதிந்தேன். எங்கள் தலைமைப் பொறியியலாளர், நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், ஒரு கலியாண வீட்டில் என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கி இரைந்ததும் எந்த வயர் பிழை என்று நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னதைக் கேட்டு அடுத்த கிழமையே வேலைக்கு எடுத்துவிட்டார்.

தூரத்தில் இருக்கும் ஒருவரை வேறோர் இடத்தில் இருப்பதாகவே உணரவைக்கும் கருவி செய்துகொண்டிருந்தோம். ஹெட்செட்டைப் போட்டால் கண்ணும் காதும் மூடிவிடும். தலையைத் திருப்பினால் அங்கே உள்ள இடம் திரும்பும், பின்னால் கதைப்பவரின் குரல் பின்னாலேயே கேட்கும். சேர் இதற்குத் தொலைப்பிரசன்னம் என்று பெயர் வைத்தார். விளம்பரத் தாளைப் பார்த்த ஐயர் ஒருவர், இது எந்தக் கோயில் என்று கேட்டார்.

சேருக்குச் சத்தம் என்றால் வெள்ளைச் சட்டையில் விழுந்த கறி மாதிரி. பேச்சு மட்டும் பளிச்சென்று கேட்க வேண்டும், மற்றதெல்லாம் போக வேண்டும் என்பார். எது பேச்சு, எது இரைச்சல் என்று கம்பியூட்டருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பல்லாயிரம் சிறு ஒலித்துண்டுகள், எனக்கு முன்னால் இரண்டே பொத்தான்கள்: ‘பேச்சு’, ‘இரைச்சல்’. சொல் இருந்தால் பேச்சு, இல்லாவிட்டால் இரைச்சல் என்பது விதி. இருமல், செருமல், கொட்டாவி, கதிரை இழுபடுவது எல்லாம் இரைச்சல். முதல் நாளே ஒரு துண்டு வந்தது. யாரோ கதைக்க, இன்னொருவர் ‘ம்’ என்கிறார். விரல் ஒரு கணம் நின்றது. சேரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது சொல் இல்லைத்தானே என்று ‘இரைச்சல்’ பொத்தானை அமர்த்தினேன். இரண்டாம் நாள் விரல் நிற்கவில்லை. மூன்று மாதத்தில் எத்தனை ஆயிரம் ‘ம்’களை வெட்டி எறிந்தேன் என்று எனக்கே தெரியாது.

இதில் வெட்கம் என்னவென்றால், ‘ம்’ என்றால் என்ன என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்திருக்க முடியாது. கடையில் அந்தப் பலகை அறைக்குள் இருந்து ஒரு தாய் மகனுக்குக் கதைத்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து ‘ம்’ வருவது நின்றால் போதும், “தம்பி, இருக்கிறியோ? ஹலோ? ஹலோ?” என்று குரல் உயரும். நான் ஓடிப்போய் வயரை அசைப்பேன். பத்து வருடம் அதைக் கேட்டவள், ஆய்வுகூடத்தில் கதிரையில் இருந்ததும் அத்தனையையும் மறந்துவிட்டேன்.

சோதனைகளிலும் அது பிடிபடவில்லை. எழுதிவைத்ததைப் பார்த்து ஒருவர் வாசிப்பார், அவர் முடித்த பிறகு மற்றவர் வாசிப்பார். நடுவில் மறுமொழி சொல்ல வேண்டுமென்றால் எங்கள் பொறியியலாளப் பிள்ளைகள் ‘ஓகே’ என்பார்கள். ‘ஓகே’ வடிவாகக் கேட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் குருநகரில் இருந்து றீற்றா என்ற பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்க வாங்கவே கதையைத் தொடங்கினார்.

“தங்கச்சி, உங்கடை பெட்டியாலை ஒராளை இன்னொரு இடத்திலை இருத்தலாமாம் எண்டு சொல்லுகினம். என்ரை அண்ணையை என்ரை போட்டுக்குள்ளை இருத்தித் தாங்கோ.”

அவருடைய படகு மயிலிட்டித் துறைமுகத்தில் பதினொரு நாளாக எஞ்சின் ஓடாமல் கிடந்தது. அவருடைய அண்ணன் சூசைதான் அந்த எஞ்சினை இரண்டு பழைய எஞ்சின்களில் இருந்து ஒன்றாகக் கட்டியவர். அதன் உள்வீடு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரோ இறங்குதுறையில் வழுக்கி விழுந்து, தொடை வரை பிளாஸ்ரர் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். எஞ்சின் இருக்கும் குழிக்குள் அவரை இறக்க முடியாது. இறங்கக்கூடியவர் தம்பி டானியல். அவரும் நல்ல மெக்கானிக்தான். ஆனால் அண்ணனும் தம்பியும் கதைத்து நான்கு வருடம்.

“ஏன் கதைக்கிறேல்லை?” என்று கேட்டேன். தேவையில்லாத கேள்விதான். ஆனால் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

“ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு எஞ்சின் பூட்டினவை. அது நடுக்கடல்லை போல்ட் ஒண்டு கழண்டு நிண்டுபோச்சு. டானியல்தான் வடிவா இறுக்கேல்லை எண்டு அண்ணை இறங்குதுறையிலை நிண்ட அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை பேசிப்போட்டார். அண்டைக்கு வாயை மூடினவன்தான்.”

“இப்ப எப்பிடி ஓமெண்டவர்?”

“அந்தாள் சொல்லுறதைச் செய்வன், ஆனா அந்தாளோடை ஒரு சொல்லும் கதைக்க மாட்டன் எண்டான். கதைக்க வேண்டாமடா, செய் எண்டன்.” றீற்றா கதிரையின் நுனிக்கு வந்தார். “இந்தச் சனிக்கிழமைக்குள்ளை எஞ்சின் ஓடாட்டி என்ரை போட்டிலை வேலை செய்யிற ஆக்கள் வேறை போட்டுக்குப் போயிடுவினம் தங்கச்சி. போனா இந்தச் சீசனுக்குத் திரும்பி வராயினம். போட் கரையிலைதான் கிடக்கும்.”

சேர் உடனே சம்மதித்தார். அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் திட்டத்தை அடுத்த வருடமும் நடத்த விடுவதா என்று பார்க்கக் கொழும்பில் இருந்து இரண்டு பேர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. படித்துக் காட்டும் சோதனையைவிட நிஜமான எஞ்சின் நல்லதல்லவா?

வெள்ளிக்கிழமை காலை சூசை அண்ணையைக் கதிரையோடு நான்கு பேர் மாடிக்குத் தூக்கி வந்தோம். காலை ஒரு ஸ்டூலில் நீட்டி, ஹெட்செட்டைப் போட்டுவிட்டேன். மயிலிட்டிக்குப் போயிருந்த எங்கள் ஆய்வுகூடத்து நிரோஜா கமராவைக் குழிக்கு மேலே கட்டி, எஞ்சினின் உடம்பிலேயே தனியாக ஒரு மைக்கை ஒட்டியிருந்தாள். எஞ்சின் சத்தம் இரைச்சல் என்று வெட்டுப்பட்டுவிடும் என்பதை சேர் முதலிலேயே யோசித்து, அதற்குத் தனிப் பாதை போட்டிருந்தார். அந்தளவுக்குக் கெட்டிக்காரர். டானியலின் காதில் ஒரு சின்ன ஸ்பீக்கர், சட்டையில் ஒரு மைக். எல்லாம் சரி.

இணைப்பு வந்ததும் சூசை அண்ணை கையை நீட்டி எஞ்சினைத் தொடப் பார்த்தார். அவருடைய தேத்தண்ணிக் கோப்பை நிலத்தில் விழுந்து உடைந்தது.

“ஐயோ தங்கச்சி, என்ன உடைஞ்சது? எஞ்சினிலையோ?”

“இல்லை அண்ணை, இஞ்சை. நீங்கள் எஞ்சினைப் பாருங்கோ.”

கொழும்புக்காரர் இருவரும் சிரித்தார்கள். நல்ல தொடக்கம். மூடியைக் கழற்று, குழாயை எடு என்று சூசை அண்ணை சொல்லச் சொல்ல, டானியலின் கைகள் செய்வது அவருக்குத் தெரிந்தது. பிறகு கண்ணுக்குத் தெரியாத வேலை வந்தது. எஞ்சினின் பின்பக்கம் உள்ள கனத்த சக்கரத்தை மெல்லத் திருப்பி, அதில் உள்ள கோட்டை உடம்பில் உள்ள கோட்டுக்கு நேரே நிறுத்த வேண்டும். டானியல் குனிந்தார். கமராவுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது.

“திருப்பு. கோடு நேரை வந்தோடனை சொல்லு.”

பதில் இல்லை.

“வரேல்லையோ? இன்னும் கொஞ்சம் திருப்பு.”

பதில் இல்லை.

“இன்னும்.”

ஐந்தாறு தடவை அப்படியே போனது. கடைசியில் சூசை அண்ணை, “விலத்து, பாப்பம்” என்றார். டானியல் விலகினார். கோடு கால் சுற்றுத் தாண்டிப் போய் நின்றது. இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

“உவன் வேணுமெண்டு செய்யிறான்!” சூசை அண்ணை ஹெட்செட்டைக் கழற்றி மடியில் போட்டார். “ஒரு மறுமொழி சொல்ல வாயில்லை. நாலு வருசமாகியும் புத்தி வரேல்லை. என்னை வீட்டை கொண்டுபோய் விடுங்கோ.”

அவருடைய மைக் திறந்திருந்தது. இது முழுவதும் மயிலிட்டியில் டானியலின் காதுக்குள் போனது. என் காதில் நிரோஜாவின் பயந்த குரல் வந்தது: “அக்கா, டானியல் அண்ணை மேலை ஏறிட்டார். போகப்போறார். றீற்றா அக்கா கரைக்கு ஏறுற பலகையிலை குறுக்கை நிண்டு விடமாட்டன் எண்டுறா.”

என் மேசையில் ஒரு சின்னப் பச்சைக் கோடு உண்டு. டானியலின் மைக்கில் என்ன விழுந்தாலும் துள்ளும். வெட்டுவதற்கு முன்னால் உள்ள சத்தம் அது. சூசை அண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னபோது, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு ஒரு சின்னத் துள்ளல் துள்ளியதைக் கண்டிருந்தேன். கடல் அலை என்று நினைத்துவிட்டேன். அலை இவ்வளவு மரியாதையாக ஆள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தா அடிக்கும்?

“நிரோ, அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னவர் அக்கா. ஒவ்வொருக்காலும் ‘ம்’ எண்டவர்.”

ஒரு சொல்லும் கதைக்க மாட்டேன் என்று சபதம் போட்ட மனிதர், சபதத்தையும் காத்து அண்ணனுக்கு மறுமொழியும் சொல்லியிருக்கிறார். கோடு நேரே வந்ததும் ‘ம்’ என்றிருக்கிறார். அண்ணன் ‘இன்னும்’ என்றதும், மூத்தவர் சொல்லுக்குக் காரணம் இருக்கும் என்று இன்னும் திருப்பியிருக்கிறார். அவர் சொன்ன ஒவ்வொரு ‘ம்’மையும் நான் மூன்று மாதம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த கம்பியூட்டர் வெட்டி எறிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் சேர் கொழும்பு விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: துறைமுகம் எவ்வளவு இரைச்சலான இடம், ஆனால் இங்கே எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று. என் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘செய்துகாட்டும்போது இரைச்சல் வெட்டியை எவரும் தொடக்கூடாது.’ என்னுடைய கையெழுத்துத்தான். சேரைக் கூப்பிட்டு விளக்கி அனுமதி கேட்கலாம். அதற்குள் டானியல் மோட்டார்சைக்கிளில் ஏறிவிடுவார். அவர் ஏறிவிட்டால் றீற்றாவின் படகு கரையில்தான்.

இரைச்சல் வெட்டியை நிறுத்தினேன்.

மயிலிட்டி முழுவதும் அறைக்குள் கொட்டியது. காகம், அலை படகில் அடிப்பது, ஐஸ் உடைக்கும் மிசின், எங்கோ ஒரு ரேடியோ, யாரோ யாரையோ ஏசுகிற சத்தம். விருந்தாளி ஒருவர் காதைப் பொத்தினார். சேர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். நான் ‘பொறுங்கோ’ என்று அவருக்குக் கையைக் காட்டினேன். மேலதிகாரிக்குக் கை காட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு சூசை அண்ணைக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்ணை, பிழை என்னிலை. உங்கடை தம்பி ஒவ்வொருக்காலும் ‘ம்’ எண்டவர். எங்கடை மிசின் அதை வெட்டிப்போட்டுது. வெட்டச் சொல்லிக் குடுத்தது நான்தான்.”

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். “‘ம்’ எண்டதை ஏன் தங்கச்சி வெட்டினனீங்கள்?”

“இரைச்சல் எண்டு நினைச்சு.”

“அது இரைச்சலோ?”

ஹெட்செட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். நிரோஜா கமராவைத் திருப்பியிருக்க வேண்டும். அவருடைய தலை எதையோ தேடித் திரும்பி ஓர் இடத்தில் நின்றது.

“தம்பி, நிக்கிறியோ?”

காகம். அலை. ஐஸ் மிசின். “வாயைத் திறந்து சொல்லனடா!” என்று றீற்றாவின் குரல்.

“ம்.”

அறை ஒலிபெருக்கியில் அது நன்றாகவே கேட்டது. விருந்தாளி காதில் இருந்து கையை எடுத்தார்.

“இவ்வளவு நேரமும் சொன்னனியோ?”

“ம்.”

சூசை அண்ணை பிளாஸ்ரரைத் தடவிக்கொண்டு இருந்தார். ஹெட்செட் போட்டவர்களுக்கு அறையில் ஆட்கள் இருப்பது மறந்துபோகும் என்று உங்களுக்கும் தெரியும். அவர் மறந்துதான் போனார் என்று நினைக்கிறேன். அல்லது மறக்காமலே சொன்னாரோ தெரியாது. சனத்துக்கு முன்னால் பேசியதைச் சனத்துக்கு முன்னாலேயே திருப்பி எடுத்தார்.

“அந்த போல்ட், தம்பி. கடைசியா ஸ்பனர் பிடிச்சது நான். அது எனக்கு அண்டைக்கே தெரியும்.”

துறைமுகம் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

“ம்” என்றது அந்தப் பக்கம், மெதுவாக.

அந்த ‘ம்’ முந்தியவற்றைப் போல இல்லை. எனக்கும் அப்போதே தெரியும் என்ற ‘ம்’ அது. நான்கு வருடமும் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்த மூன்று மாதமும் நான் செய்ததற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

பிறகு வேலை நடந்த அழகை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். “திருப்பு.” “ம்.” “இன்னும்.” “ம்.” “நில்.” “ம்.” அரை மணித்தியாலத்தில் எஞ்சின் ஓடியது. சனிக்கிழமை விடியப் படகு போனது. அடுத்த கிழமை றீற்றா பெரிய விளைமீன் ஒன்றை எங்கள் வரவேற்பு மேசையில் பத்திரிகையில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் ஆய்வுகூடம் முழுவதும் மணத்தது.

சேர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அதற்கு முதல் விருந்தாளி சொன்னதைக் கேளுங்கள். போகும்போது காதைப் பொத்திய விருந்தாளி, கடைசி அரை மணித்தியாலம்தான் தானும் துறைமுகத்தில் நிற்பதுபோல இருந்தது, அதற்கு முன்னால் நல்ல படம் பார்த்ததுபோல இருந்தது என்றார். சேர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை காலை வந்து என் மேசையில் இருந்த தாளைக் கிழித்தார்.

“அக்கா, இன்னொரு மூண்டு மாசம் இருப்பியளோ? முதல்லை இருந்து?”

நான் என்ன சொன்னேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை மூன்று பொத்தான்கள். மூன்றாவதில் ‘கேட்கிறார்’ என்று எழுதினோம். ‘ம்’ அதற்குள் போனது. ‘ஆ’ போனது. நாக்கால் ‘த்சு’ என்பது போனது. நீண்ட பெருமூச்சு போவதா இல்லையா என்று நானும் சேரும் இரண்டு நாள் சண்டை பிடித்தோம். நான்தான் வென்றேன். இன்றைக்கு நீங்கள் விற்கும் கருவியில் பெருமூச்சு கேட்கிறதென்றால் அது என்னால்.

நீங்கள் என்னைவிட நிறையப் படித்தவர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வேலைக்கு வரும்போது, வீட்டிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் ஆட்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். விரல் ஒரு கணம் நின்றால், ஏன் நின்றது என்று யாரையாவது கேளுங்கள். என் விரல் நின்றது, நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையின் ஒலிப்பதிவு சேரின் அறையில் இருக்கிறது. இரைச்சல் ஒன்றும் வெட்டாதது. சேர்ந்த முதல் கிழமையில் அதைக் கேட்க வேண்டும் என்பது நான் போட்ட விதி, நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். போய்க் கேளுங்கள். கடைசிப் பகுதியைக் கட்டாயம் கேளுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியிருக்கும். அப்போது ஓர் ஆண்குரல், அண்ணனோடு நான்கு வருடம் பாவிக்காத குரல், கொஞ்சம் கரகரத்துக் கேட்கும்.

“அண்ணை, சத்தம் சரியோ?”

சூசை அண்ணையால் முடிந்தது ஒன்றுதான்.

“ம்.”